ஆறு தொகுதி கிப்பனும் ஒரு கப்பல் பத்திரமும்: ரோம் படிக்கப் புத்தகம் தேடிய கதை

ரோம் பற்றி நான் முதலில் வாங்கியது ஒரு புத்தகம் அல்ல, ஆறு. சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எட்வர்ட் கிப்பன் எழுதிய 'ரோமப் பேரரசின் சரிவும் வீழ்ச்சியும்' ஆறு தொகுதிகளும் சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தன. "செட்டு உடையாம இருக்கு சார், இனிமே கிடைக்காது" என்றார் கடைக்காரர். பேரம்கூடப் பேசவில்லை. கரூர் பஸ்ஸில் ராத்திரி முழுக்கக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்தேன்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், இதுதான் என் உலகம். ரோம் மேல் ஆசை வந்ததற்கு ஊர்தான் காரணம். அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசு கிடைத்த ஊர் இது. அந்தக் காசுகளில் இருக்கிற முகங்கள் யாருடையவை, அவர்கள் ஊரில் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ரோமைப் பற்றிய பெரிய புத்தகத்தை வாங்கினால் போதும் என்று நினைத்தேன்.

கிப்பனைத் திறந்தால் முதல் வாக்கியமே கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. சீசர் எங்கே? ரோமை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஹானிபல் எங்கே? அடிமைகளைத் திரட்டிக் கிளம்பிய ஸ்பார்ட்டகஸ் எங்கே? முன்னும் பின்னும் புரட்டினேன். சீசரைக் குத்திக் கொன்றது கி.மு. 44. ஹானிபல் அதற்கும் நூற்றைம்பது வருஷம் முந்தியவன். கிப்பனுக்கு இதெல்லாம் முன்கதை; வாசகருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறார். 1776இல் முதல் தொகுதி வந்தபோது வாங்கிய ஆங்கிலேயக் கனவான்கள் பள்ளிக்கூடத்திலேயே லத்தீன் உருப்போட்டவர்கள். நான் உருப்போட்டது டேலி. சரி, 476இல் மேற்கு ரோம் விழுந்ததும் முடித்துவிடுவார் என்று பார்த்தால் அதுவும் இல்லை. 1453இல் துருக்கியர் கிழக்கு ரோமின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைப் பிடிக்கிற வரை போகிறார்.

ஒன்றரை வருஷத்தில் நூறு பக்கம் தாண்டவில்லை. "மிக்ஸி ஆடுது, அதுல ஒண்ணைக் குடுங்க, அண்டக் கொடுக்கலாம்" என்று வீட்டில் கேட்டாள். கொடுக்கவில்லை. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆறு தொகுதியும் பரணுக்குப் போயின.

கிப்பன் மோசமான எழுத்தாளர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆங்கிலமும் அடிக்குறிப்புகளில் இருக்கிற குறும்பும் இன்றைக்கும் தனி ருசி. ஆனால் அவர் நாலாவது ஐந்தாவதாகப் படிக்க வேண்டிய ஆள். முதல் பந்தியிலேயே பாயசத்தை ஊற்றிக்கொண்ட கதை என்னுடையது.

அப்புறம் செய்த ஒரு காரியம் உருப்படியானது. ஆபீஸில் வீணாய்ப் போன நீளத் தாள் ஒன்றில் கோடு போட்டேன். கி.மு. 753, ரோம் நகரம் உண்டானதாக அவர்களே சொல்லிக்கொள்ளும் வருஷம். 509, அரசர்களை விரட்டிவிட்டுக் குடியரசு. 264 முதல் 146 வரை வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜோடு மூன்று போர்கள். 133, நிலச் சீர்திருத்தம் பேசிய டிபேரியஸ் கிராக்கஸ் அடித்துக் கொல்லப்படுகிறான். 44, சீசர் கொலை. 27, அதிகாரம் முழுதும் அகஸ்டஸ் கையில். கி.பி. 212, பேரரசில் இருந்த சுதந்திர மனிதர் அநேகமாக எல்லோருக்கும் குடியுரிமை. 284, பேரரசர் டயோக்லீஷியன் ஆட்சிக்கு வருகிறார். 330, புதுத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள். 476, மேற்கு ரோமின் முடிவு. மொத்தம் 1200 வருஷத்துக்கு மேல். ராஜராஜ சோழனிலிருந்து இன்றுவரை எண்ணினாலே ஆயிரம்தான் வருகிறது. சோழர் காலத்தையும் கம்பெனி ஆட்சியையும் ஒரே புத்தகத்தில் ஒருத்தர் எழுதி, 'தமிழர் வாழ்க்கை இப்படித்தான்' என்று முடித்தால் நாம் சும்மா இருப்போமா? ரோம் என்றால் மட்டும் ஒரே அட்டைக்குள் கிடைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அதனால் யாராவது "ரோம் பத்தி ஒரு நல்ல புக் சொல்லுங்க" என்றால், எந்த ரோம் என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. நான் பிடித்துக்கொண்டது கி.மு. 133 முதல் 27 வரை, குடியரசு உடைந்து ஒரே ஆளின் கைக்குப் போன நூறு வருஷம். பழைய ரோமில் நமக்கு மிக நெருக்கமாகத் தெரிகிற காலம் இதுதான். அந்தக் காலத்து அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசெரோவின் கடிதத் தொகுப்புகளில் மட்டும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஊர் இரண்டுபட்டு நிற்கும்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் புலம்பியது, மகள் டுலியா செத்தபோது உடைந்துபோனது, எல்லாம் அவர் கையாலேயே.

இந்தக் காலத்து ஆசிரியர்களில் யாரை முதலில் படிப்பது? ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் 'வெரி ஷார்ட் இன்ட்ரொடக்‌ஷன்' வரிசையில் ரோமக் குடியரசுக்கு ஒன்று, பேரரசுக்கு ஒன்று என்று இரண்டு ஒல்லிப் புத்தகங்கள் உண்டு. பஸ்ஸில் போய்வருகிற நேரத்தில் முடிக்கலாம். அதற்கு மேல் எனக்கு வழி காட்டியது மேரி பியர்டின் 'எஸ்.பி.க்யூ.ஆர்.' 2015இல் வந்தது. கி.மு. 63இல் சிசெரோவுக்கும் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கேட்டலினுக்கும் நடந்த மோதலில் ஆரம்பித்து, பின்னோக்கிப் போய், கி.பி. 212 குடியுரிமையில் நிறுத்திவிடுகிறது. 'இப்படி நடந்தது' என்று சொல்வதோடு விடாமல், 'இது நமக்கு எப்படித் தெரியும்' என்று அந்த அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே போகிறார். ஒரு பத்திரத்தைப் பார்த்தால் கையெழுத்து யாருடையது என்று பார்க்கிற என் தொழில் புத்திக்கு அது ஒத்துப்போனது. ஆனால் வரிசையாகக் கதை வேண்டும், போர்க்களம் வேண்டும் என்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். அவர்களுக்கு டாம் ஹாலண்டின் 'ரூபிகான்'. நாவல் மாதிரி ஓடும். அந்த ஓட்டத்தில், மூல நூல்களே தங்களுக்குள் சண்டை போடுகிற இடங்கள் கண்ணில் படாமல் போகும். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் தப்பில்லை.

மூல நூல் என்றதும் பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. நானும் ஒதுங்கியிருந்தேன். என்னை உள்ளே இழுத்துப்போட்டது நீரோ.

ரோம் எரியும்போது நீரோ பிடில் வாசித்தான் என்று நாம் எல்லோரும் சொல்வோம். தேர்தல் நேரத்தில் மேடைக்கு மேடை கேட்கும். பிடில் அப்போது உலகத்திலேயே கிடையாது. நீரோ மீட்டியது யாழ் மாதிரியான கிதாரா. சரி, அதையாவது வாசித்தானா? தீப்பிடித்தது கி.பி. 64 ஜூலையில். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் என்ன சொல்கிறார் என்றால், தீப்பிடித்தபோது நீரோ ஊரிலேயே இல்லை, ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான். திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையைக் குறைத்தான். ஆனாலும் அவன் தன் வீட்டு மேடையில் ட்ராய் நகரம் அழிந்த பாட்டைப் பாடினான் என்று ஒரு வதந்தி பரவியது. வதந்தி என்றேதான் எழுதுகிறார். பேரரசர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய சுவெட்டோனியஸ் அதையே நடந்ததாக எழுதுகிறார், கோபுரத்தில் ஏறி நின்று பாடினான் என்கிறார். இன்னொரு வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் அப்படியே. டாசிட்டஸ் அந்தத் தீயின்போது சின்னப் பையன். சுவெட்டோனியஸ் அதற்குப் பிறகு பிறந்தவர். டியோ நூற்றைம்பது வருஷம் தள்ளி எழுதியவர். அதுவும் அந்தப் பகுதி பைசாண்டியத் துறவி ஒருவர் சுருக்கி எழுதியதன் வழியாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமானதாக இருந்தது. கிப்பனோடு மல்லுக்கட்டிய ஒன்றரை வருஷத்தில் கிடைக்காத ருசி அன்றைக்குக் கிடைத்தது.

இப்படி ஒப்பிடுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. பழைய நூல்களுக்குப் பக்க எண் பார்ப்பதில்லை. புத்தகம், அத்தியாயம் என்று எண் உண்டு. டாசிட்டஸின் 'ஆனல்ஸ்' 15.39 என்றால் எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும், எந்தப் பதிப்பானாலும் அதே இடம்தான். புதிதாக ஒரு வரலாற்றுப் புத்தகம் வாங்கும்போது நான் முதலில் பின்பக்கக் குறிப்புகளைத் திறந்து இந்த மாதிரி எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். இருந்தால் ஆசிரியர் சொல்வதை நானே போய்ச் சரிபார்க்கலாம். கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவில் அடிமை, தானியம், பெண்கள் என்ற சொற்களுக்கு எதிரே எத்தனை பக்கம் போட்டிருக்கிறார்கள் என்றும் பார்ப்பேன். அட்டையில் 'ரோமச் சமுதாயம்' என்று இருக்கும். உள்ளே 'அடிமை'க்கு மூன்றே பக்கம் இருக்கும். அதை அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் பணம் விட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். லோப் வரிசை என்று கையடக்கமான புத்தகங்கள் உண்டு. சிவப்பு அட்டை லத்தீன், பச்சை அட்டை கிரேக்கம். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். பார்க்க அழகு. மூல மொழி தெரியாதவனுக்குப் பாதிப் புத்தகம் அலங்காரம்தான். அதில் ஒன்று வாங்குகிற காசுக்கு பெங்குவின் பதிப்புகள் நாலைந்து வாங்கலாம். லோபின் பழைய தொகுதிகள் பல காப்புரிமை தீர்ந்து லாகஸ் கர்ட்டியஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இது தெரியாமல் மூன்று பச்சை அட்டை வாங்கினேன்.

இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூச்சம் அதிகம். கவிஞர் மார்ஷியலின் பச்சையான பாடல்களை 1919இல் வந்த லோப் பதிப்பு ஆங்கிலத்தில் தராமல் இத்தாலிய மொழியில் போட்டிருந்தது! இத்தாலி தெரிந்தவர்களுக்கு ஒழுக்கம் கெட்டால் பரவாயில்லை போலிருக்கிறது. புதிய மொழிபெயர்ப்பிலும் ஆளுக்கொரு குணம். சுவெட்டோனியஸை பெங்குவினுக்கு மொழிபெயர்த்த ராபர்ட் கிரேவ்ஸ் நாவலாசிரியர். தண்ணீர் மாதிரி ஓடும். ஆனால் வாசகர் தடுக்கி விழக்கூடாது என்று விளக்கங்களை மூலத்துக்குள்ளேயே கலந்துவிட்டார். புளூட்டார்க் விஷயம் வேறு மாதிரி. அவர் ஒரு கிரேக்கர், ஒரு ரோமர் என்று ஜோடி ஜோடியாக வாழ்க்கை வரலாறு எழுதியவர். பெங்குவின் அந்த ஜோடிகளைப் பிரித்துக் காலவாரியாகத் தொகுத்திருக்கிறது. சீசரை அலெக்சாண்டரோடு வைத்துப் பார்க்கத்தான் அவர் எழுதினார் என்பது, தொகுப்பை மட்டும் படித்தால் உறைக்காது.

தொலைந்துபோனவை எவை என்று தெரிந்துகொள்வதும் புத்தகத் தேர்வில் சேர்த்திதான். ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியது 142 புத்தகங்கள்; கையில் இருப்பது 35. டாசிட்டஸின் 'ஆனல்ஸ்' நூலில் பேரரசன் கலிகுலாவின் ஆட்சி முழுதும் காணாமல் போய்விட்டது. அதனால் கலிகுலாவைப் பற்றித் தடித் தடியாகப் புத்தகம் பார்த்தால் நான் கொஞ்சம் ஒதுங்கி நிற்பேன். அவன் தன் குதிரையை ரோமின் உயர்ந்த பதவியான கான்சல் பதவியில் உட்கார வைத்தான் என்று சர்வசாதாரணமாக எழுதியிருப்பார்கள். சுவெட்டோனியஸ் எழுதியது, அப்படிச் செய்ய எண்ணியிருந்ததாகச் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான்.

இதையெல்லாம் நான் சமர்த்தாகக் கற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம். ஊரில் ஒரு வாசகர் வட்டத்தில் ரோம் பற்றிப் பேசச் சொன்னார்கள். கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டுமே என்று பேரரசன் எலகபாலஸ் கதையை எடுத்துவிட்டேன். விருந்துக்கு வந்தவர்கள் மேல் கூரையிலிருந்து பூவைக் கொட்டி, அந்தப் பூக்குவியலிலேயே சிலர் மூச்சுத் திணறிச் செத்துப்போன கதை. நல்ல கைதட்டல். முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். "தம்பி, அருமையாச் சொன்னீங்க. இது யார் எழுதி வச்சது?" ரோம வரலாற்றாசிரியர்கள் என்று மழுப்பினேன். "அது தெரியுது. எந்த ஆசிரியர்?" நான் முழித்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினால், 'ஹிஸ்டோரியா அகஸ்டா'. ஆறு பேர் சேர்ந்து எழுதியதாகத் தன்னைக் காட்டிக்கொள்கிற நூல். 1889இல் ஹெர்மன் டெசாவ் என்ற ஜெர்மன் அறிஞர், இதை எழுதியது ஒரே ஆள், அதுவும் அந்த நூல் சொல்லிக்கொள்கிற காலத்துக்குப் பிந்தியவர் என்று வாதிட்டார். இன்று பெரும்பாலான அறிஞர்கள் அந்தப் பக்கம்தான். உள்ளே இட்டுக்கட்டிய கடிதங்கள், இல்லாத ஆசிரியர்களின் பெயர்கள். பூக்கதை நடந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஓவியர் ஆல்மா-டடெமா 1888இல் வரைந்த ரோஜா இதழ் ஓவியம்தான் அந்தக் கதையை எல்லார் கண்ணிலும் நிறுத்தியது. மறுவாரம் அதே கூட்டத்தில் எழுந்து திருத்தம் சொன்னேன். அந்த ஐயா இன்றுவரை என் புத்தகங்களை வாங்கிப் படிக்கிறார், ஓரத்தில் பென்சில் குறியோடு திருப்பித் தருகிறார்.

இனி சமுதாயம். என் ஆசையே அதுதானே. இங்கேதான் புத்தகம் தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே கஷ்டம். டாசிட்டஸ் செனட்டர். டியோ செனட்டர். இளைய பிளினி செனட்டர். சுவெட்டோனியஸ் பேரரசர் ஹாட்ரியனிடம் செயலாளராக இருந்தவர். மேல்மாடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதியவர்களின் கணக்கில் கீழே நடமாடுகிறவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள், அதுவும் தொல்லையாக வரும்போது.

அப்படி ஒரு இடம் டாசிட்டஸில் இருக்கிறது, 'ஆனல்ஸ்' 14.42 முதல் 45 வரை. கி.பி. 61இல் ரோம் நகர நிர்வாகி பெடானியஸ் செக்குண்டஸை அவர் வீட்டு அடிமை ஒருவன் கொன்றுவிட்டான். பழைய வழக்கப்படி அந்த வீட்டுக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் எல்லோரையும் கொல்ல வேண்டும். நானூறு பேர். பெண்கள், குழந்தைகள் உட்பட. ஊர்ச் சனம் கல்லையும் தீப்பந்தத்தையும் தூக்கிக்கொண்டு வந்தது. செனட்டில் விவாதம் நடந்தது. கடைசியில் வழிநெடுக ராணுவத்தை நிறுத்தி நானூறு பேரையும் கொண்டுபோய்க் கொன்றார்கள். நாலே அத்தியாயம். ரோம அடிமை முறை பற்றி எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுக்கிறேன். அடுத்து, மூத்த கேட்டோ எழுதிய விவசாயக் கையேடு. மாடு கிழடானால் விற்றுவிடு, பழைய வண்டியை விற்றுவிடு, கிழட்டு அடிமையை விற்றுவிடு, சீக்காளி அடிமையை விற்றுவிடு என்று ஒரே மூச்சில் பட்டியல் போடுகிறார். இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து புளூட்டார்க், கேட்டோவின் வரலாற்றை எழுதும்போது அந்த இடத்தில் நின்று கடிந்துகொள்கிறார். இந்த மூன்றுக்கும் அப்புறம் கீத் ஹாப்கின்ஸின் 'கான்கரர்ஸ் அண்ட் ஸ்லேவ்ஸ்' படித்தால், வெளிநாட்டுப் போர்களும் இத்தாலியப் பண்ணைகளும் அடிமைச் சந்தையும் எப்படி ஒன்றையொன்று தீனி போட்டு வளர்த்தன என்பது பிடிபடும். நேராக ஹாப்கின்ஸில் இறங்கியிருந்தால் எனக்குப் பாதி புரிந்திருக்காது.

ஒரே புத்தகத்தில் பல குரல் வேண்டுமானால் ஜோ-ஆன் ஷெல்டனின் 'ஆஸ் த ரோமன்ஸ் டிட்'. குடும்பம், வீடு, தொழில், அடிமை, பெண்கள், வைத்தியம் என்று பிரித்துக் கல்வெட்டு, கடிதம், சட்டம், சுவர்க் கிறுக்கல் எல்லாவற்றையும் துண்டு துண்டாக மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. என்னிடம் அட்டை கிழிந்த ஒரே ரோமப் புத்தகம் இதுதான்.

கல்லறைக் கல், உடைந்த ஜாடி, சுவர், இவற்றைப் பற்றி எழுதியவர்களைத் தேடிப் போனபோதுதான் நான் தேடிய ஆட்கள் கிடைத்தார்கள். ரோமில் போர்ட்டா மஜ்ஜோரே வாசல் அருகே யூரிசாசஸ் என்ற ரொட்டிக்காரருக்குக் கட்டிய பெரிய சமாதி நிற்கிறது. மாவரைப்பதிலிருந்து ரொட்டியை எடை போடுவது வரை சுற்றிவரச் செதுக்கியிருக்கிறார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோம நகரமான பொம்பெயியில் சுவரெல்லாம் தேர்தல் விளம்பரம். அதில் ஒன்று, 'ராத்திரியில் நேரங்கழித்துக் குடிக்கிறவர்கள் எல்லோரும் வாட்டியாவுக்கே வாக்குக் கேட்கிறோம்' என்கிறது. எதிராளி ஆட்கள் எழுதினார்களோ, குறும்புக்காரப் பையன்கள் எழுதினார்களோ. சுவரில் இடம் பிடித்துச் சுண்ணாம்பு அடித்துப் பெயர் எழுதிவைக்கிற ஊர்க்காரனுக்கு இதற்கு உரை தேவையில்லை. ரோமில் மான்டே டெஸ்டாச்சியோ என்று ஒரு குன்று, சுமார் 35 மீட்டர் உயரம். முழுக்க உடைந்த எண்ணெய் ஜாடிகள். பெரும்பாலும் தெற்கு ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகள். காலி ஜாடி எடை, எண்ணெய் எடை, வியாபாரி பெயர் எல்லாம் ஜாடி மேலேயே மையால் எழுதியிருக்கும். நெட் வெயிட், டேர் வெயிட், ஷிப்பர் பெயர்! நான் தினம் டைப் அடிப்பது அதைத்தானே.

வடக்கு இங்கிலாந்தில் ஹாட்ரியன் சுவர் பக்கத்து விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவருகிற மெல்லிய மரத்தகட்டுக் கடிதங்களையும் சொல்லாமல் விட முடியாது. ஒருவனுக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவன் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று அதிகாரிக்கு எழுதுகிறான். கிளாடியா செவெரா என்கிற அம்மாள் தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லித் தோழிக்கு எழுதியிருக்கிறார்; கடைசி வரிகள் அவர் சொந்தக் கையெழுத்து. ஒரு பெண் லத்தீனில் எழுதிய கையெழுத்துகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றில் அது ஒன்று. ஆலன் போமன் இந்தக் கடிதங்களை வைத்துச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இணையத்திலும் படிக்கலாம்.

ரோமைப் படிக்கும்போது நமக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. காலையில் பெரிய மனிதர் வீட்டு முற்றத்தில் கூடி வணக்கம் சொல்லக் காத்திருக்கிற ஆட்களைப் பற்றிப் படித்ததும், அட, நம்ம பண்ணையார் வீட்டுத் திண்ணை என்று தோன்றும். பாட்ரிசியன் (பழைய பிரபுக் குடும்பத்தார்), பிளபியன் (மற்றக் குடிமக்கள்) என்றதும் சாதி என்று எழுதிவைத்துக்கொள்ளத் தோன்றும். நானே நோட்டில் அப்படி எழுதி, பிறகு அடித்தேன். ரோமக் குடிமகன் ஒருவன் தன் அடிமையை முறைப்படி விடுதலை செய்தால் அந்த அடிமையும் குடிமகன் ஆகிவிடுவான். கவிஞர் ஹொராஸ் அப்படி விடுதலையான ஒருவரின் மகன், அகஸ்டஸுக்கு வேண்டியவராக இருந்தார். பிறப்போடு ஒட்டிக்கொண்டு விடாத ஒன்றை வைத்து இதை அளக்க முடியாது. பதவிப் பெயர்களும் அப்படித்தான். கான்சல், பிரீட்டர், டிரிபியூன் எல்லாவற்றையும் நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அகஸ்டஸைச் சக்கரவர்த்தி என்று எழுதிவிட்டால், மனிதர் முடியே சூடாமல், நான் முதல் குடிமகன் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டே நாற்பது வருஷம் ஆண்ட சாமர்த்தியம் காணாமல் போய்விடும்.

பெயர்க் குழப்பத்துக்கு மருந்து நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். தாத்தா பெயர் பேரனுக்கு வைக்கிற ஊரில் பிறந்த எனக்கே தலை சுற்றியது. ஜூலியஸ் குலத்தில் பிறந்த பெண்கள் எல்லாம் ஜூலியா. அக்ரிப்பினா இரண்டு பேர், அம்மாவும் மகளும். வம்ச மரத்தை நீங்களே வரையுங்கள். புத்தகத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் மனதில் நிற்பதில்லை.

ரோம் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு மட்டும் ஒரு புத்தகத்தோடு நிறுத்தக் கூடாது. பீட்டர் பிரவுன் 1971இல், அது வீழ்ச்சி அல்ல, வேறொன்றாக உருமாறியது என்று பார்க்க வைத்தார். பிரையன் வார்ட்-பெர்கின்ஸ் 2005இல், ஓட்டு வீடும் நல்ல மண்பாண்டமும் மறைந்துபோனதைக் காட்டி, விழுந்தது விழுந்ததுதான் என்றார். கைல் ஹார்ப்பர் 2017இல் பருவநிலையையும் கொள்ளைநோயையும் கொண்டுவந்தார். இதில் இரண்டையாவது அடுத்தடுத்துப் படித்தால் நல்ல பட்டிமன்றம் கேட்ட மாதிரி இருக்கும், நடுவரும் நாமே.

கரூர்க் காசுக்கு வருகிறேன். தமிழகத்தோடு ரோம் செய்த வணிகம் பற்றிய புத்தகங்களில் பெருமை பேசுபவை அதிகம். இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) உறிஞ்சுகிறது என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி சொன்னதை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். ஆடம்பரத்தைக் கண்டாலே திட்டுகிறவர் அவர் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. மூலத்துக்குப் போவதே நல்லது. 'பெரிப்ளஸ்' சின்ன நூல், பெயர் தெரியாத ஒரு கிரேக்கர் எழுதிய கடல்வழிக் கையேடு. லியனல் கேசன் 1989இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் விளக்கமும் சேர்ந்தே இருக்கிறது. பக்கத்தில் அகநானூறு 149ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' முசிறித் துறைமுகம் அங்கே இருக்கிறது; கறி என்றால் மிளகு. கப்பலில் வந்தவன் ஒரு பக்கமும் கரையிலிருந்து பார்த்தவன் ஒரு பக்கமும் சொல்கிறார்கள்.

அதே முசிறியைப் பற்றி வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985இல் அச்சில் வந்தது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். சரக்கை ஒட்டகத்தில் எகிப்தில் நைல் நதிப் பக்கத்து ஊரான காப்டஸுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆற்று வழியாக அலெக்சாண்ட்ரியாவில் சேர்க்க வேண்டும். கடன் அடையாவிட்டால் கடன் கொடுத்தவர் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கம் 'ஹெர்மாபொல்லான்' என்ற கப்பலில் வந்த சரக்குக் கணக்கு, கங்கைப் பக்கத்து நறுமணத் தைலப்பூண்டு, தந்தம் என்று. சுங்கம் நாலில் ஒரு பங்கு.

இதை ஆபீஸில் பக்கத்து சீட்டு அக்காவிடம் மொழிபெயர்த்துக் காட்டினேன். இருபது வருஷமாக எக்ஸ்போர்ட் ஃபைல் பார்ப்பவர். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அது சரி தம்பி, கப்பல் முழுகிட்டா நஷ்டம் யார் தலையில?" என்றார்.

மிஞ்சியிருக்கிற பத்திரத்தில் அதற்கு நேரடிப் பதில் இல்லை. ரோமச் சட்டத்தில் இருக்குமே என்று தேடினேன். பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கச் சொன்ன 'டைஜெஸ்ட்' என்ற சட்ட நூலில் 22ஆம் புத்தகம், இரண்டாம் தலைப்பு, கடல் கடன். கப்பல் போய்ச் சேரும் வரை அபாயம் கடன் கொடுத்தவன் தலையில். மறுநாள் சொன்னேன். "அப்ப வட்டி எக்கச்சக்கமா இருந்திருக்கும், பாருங்க" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ரோமச் சட்டத்துக்குத் தனியாக ஒரு அத்தியாயம் ஒதுக்கியவர் யார் என்று விசாரித்துக்கொண்டு போனால், கிப்பன். 44ஆம் அத்தியாயம். ராத்திரி ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து இறக்கினேன், தூசி தட்டினேன். ஜஸ்டினியன் போட்ட வட்டி வரம்பு அதில் இருக்கிறது: பெரிய இடத்து ஆட்கள் கொடுக்கிற கடனுக்கு 4 சதவீதம், பொதுவாக 6, உற்பத்தி செய்பவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் 8, கடல் அபாயத்துக்கு 12. இந்தக் கடைசி வகைக்கு முன்னோர்கள் வரம்பே வைக்கவில்லை, அவர்கள் இன்னும் விவேகிகள் என்று போகிற போக்கில் ஒரு குத்து. அக்கா சொன்னது சரிதான். அந்த அத்தியாயத்தை இப்போது மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.